திருப்பிக் கொடுக்காத நாய்

பின்வாசல் தாழ்ப்பாளை நான் எடுக்கும் சத்தத்துக்கு இரண்டு நாய்களும் இரண்டு விதமாக எழுந்திருக்கும். செவலை ஒரு கண்ணை மட்டும் திறந்து, நிஜமாகவே போகப்போகிறோமா என்று பார்த்துவிட்டு, முன்னங்கால்களை நீட்டிச் சோம்பல் முறித்து, அப்புறம்தான் எழும். கன்னி அதற்கு முன்பே கதவருகில் வந்து நின்றிருப்பாள். குரைக்க மாட்டாள். என் கையில் சங்கிலி இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பாள்.

செவலை என் கணவர் வீட்டு நாய். நான் கல்யாணமாகிப் பழனிசெட்டிபட்டிக்கு வருவதற்கு ஆறு வருடங்களுக்கு முன்பே தெருவிலிருந்து தானாக வந்து ஒட்டிக்கொண்டது. கன்னி என்னோடு வந்தவள். கன்னி என்பது இனத்தின் பெயர். உடம்பெல்லாம் கருப்பு, கண்களுக்கு மேலே இரண்டு பழுப்புப் பொட்டு, ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள். முயலுக்குப் பின்னால் ஓடுவதற்கென்றே அந்தக் காலத்தில் வளர்த்த நாய். நல்ல பெயராக ஒன்று வைக்க வேண்டும் என்று யோசித்து யோசித்துத் தள்ளிப்போட்டேன். கடைசிவரை கன்னி என்றுதான் கூப்பிட்டோம்.

சுருளிப்பட்டியில் என் அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம். அங்கே காவலுக்கு எப்போதும் கன்னி நாய்தான் இருக்கும். எங்கள் சொந்தத்தில் இந்த நாயை விலைக்கு விற்பதில்லை. பெண்ணைக் கட்டிக் கொடுத்தால் சீரோடு ஒரு பெட்டைக் குட்டியையும் கொடுப்பார்கள். அதற்கு இரண்டே பேச்சுதான். வளர்க்க முடியாமல் போனால் வேறு யாருக்கும் தள்ளிவிடக் கூடாது, கொடுத்த வீட்டிலேயே கொண்டுவந்து விட வேண்டும். முதல் ஈத்தில் ஒரு பெட்டைக் குட்டி கொடுத்த வீட்டுக்குத் திரும்ப வேண்டும். என் தலைப்பொங்கலுக்குக் கரும்புக் கட்டு, பித்தளைப் பானை எல்லாவற்றோடும் ஒரு மூங்கில் கூடைக்குள் அவளும் வந்து இறங்கினாள். மூன்று மாதக் குட்டி. அப்பா அந்த இரண்டு பேச்சையும் என் மாமியாரிடம்தான் சொன்னார். என்னிடம் தனியாகச் சொல்லவில்லை. தன் பிள்ளைக்குத் தெரியாதா என்று நினைத்திருப்பார்.

எங்கள் தெருவில் வீடுகள் முடிகிற இடத்தில் கண்மாய்க் கரை தொடங்கும். கரைமேல் ஏறி, மடையைத் தாண்டி, மழைக்காலத்தில் உபரித் தண்ணீர் வெளியேறும் கலுங்கு வரை நடப்போம். அங்கிருந்து இறங்கினால் கரடு. ஆவாரஞ்செடியும் உடைமுள்ளும் பாறையுமாகக் கிடக்கிற மேட்டு நிலம். விவசாயம் எதுவும் கிடையாது. மயில்கள் இருக்கும், கௌதாரி இருக்கும், மேய வந்த ஆடுகள் இருக்கும். கரட்டைச் சுற்றி மறுபடி கரைக்கு வர ஒரு மணி நேரமாகும். மேற்கே மலை அப்போதுதான் நீலத்திலிருந்து பச்சைக்கு மாறிக்கொண்டிருக்கும்.

நான் எம்.எஸ்சி. படித்தவள். கல்யாணத்துக்கு முன்பு ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தேன். இரண்டு நாய்களைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் கரையில் நடப்பது எங்கள் பக்கத்தில் புதிது. மடையில் உட்கார்ந்து பல் விளக்குகிறவர்கள், "டீச்சரம்மா வாராக, வழி விடுங்கப்பா. பாடம் எடுக்கப் போறாக நாய்களுக்கு" என்பார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவேன். கரட்டில் ஆடு மேய்க்கும் அக்கா ஒருத்தி இருந்தாள். முதல் நாளே அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"நான் ஆட்டை மேய்க்கிறேன், நீ நாயை மேய்க்கிற. எனக்காச்சும் வெள்ளாடு பால் குடுக்குது தாயி. ஒனக்கு என்னா குடுக்குது?"

"சும்மா நடைக்குத்தான்க்கா."

"நடக்கணும்னா எங்கூட வா. ஒரு நாளைக்கு எட்டு மைலு. சம்பளமெல்லாம் கேக்கக் கூடாது."

அதற்குப் பிறகு தினமும் இரண்டு வார்த்தை பேசாமல் நகர மாட்டோம். கன்னியைப் பார்த்தால் அவளுடைய ஆடுகள் ஒதுங்கும். கன்னி ஆடுகளைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். அவள் கண் எப்போதும் தூரத்தில், புல் அசைகிற இடத்தில் இருக்கும்.

ஒரே ஒரு நாள் அவளை அவிழ்த்துவிட்டேன். அவளுக்கு ஒரு வயது முடிந்திருந்த சமயம். கரட்டின் மேட்டில் யாருமில்லை. கொக்கியைக் கழற்றி இரண்டு மூச்சு விடுவதற்குள் ஆவாரஞ்செடிக்குள்ளிருந்து ஒரு முயல் எழுந்து பாய்ந்தது. கன்னி ஓடியதை நான் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. ஒரு கருப்புக் கோடு போனது, அவ்வளவுதான். வயிறு முதுகோடு ஒட்ட, நாலு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு, சத்தமே இல்லாமல். பிறகு கரட்டில் காற்று மட்டும் இருந்தது. பாம்பு, கிணறு, வனத்துறை, தோட்டத்து மின்வேலி என்று ஒவ்வொன்றாக வந்தது மனதில். தொண்டை கட்டும்வரை கூப்பிட்டேன். பத்து நிமிடத்தில் வெறும் வாயோடு வந்தாள். நாக்கு ஒரு பக்கம் தொங்க, கண்கள் பளபளவென்று, வாலைச் சுழற்றிக்கொண்டு. அவளை நான் அத்தனை சந்தோஷமாகப் பார்த்ததில்லை. நான் சங்கிலியை மாட்டி, முதுகில் ஒரு அடி போட்டேன்.

அதற்குப் பிறகு அவிழ்த்து விடவே இல்லை. ஓடுவதற்கென்று பிறந்ததை ஒன்றரை வருடம் செவலையின் வேகத்துக்கு நடக்க வைத்தேன். அது தப்பு என்று அப்போது தோன்றவில்லை. ஜாக்கிரதையாக இருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

நான் மாசமாக இருந்தபோதும் நடை நிற்கவில்லை. என் மாமியார் முதலில் தடுத்தார். பிறகு டாக்டரே நடக்கச் சொன்னதும் விட்டுவிட்டார். "நாயை நீ நடத்துறியா, நாய் ஒன்னைய நடத்துதா? பாத்துப் போத்தா. அந்தக் கருப்பி இழுத்தா விட்டுரு, நீ விழுந்துராத" என்பார். கன்னி இழுக்கவில்லை. என் வயிறு பெரிதாகப் பெரிதாக அவள் நடை குறைந்தது. இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். நானே கற்பனை செய்துகொண்டேனோ என்னவோ.

ஐப்பசியில் மகள் பிறந்தாள். கன்னி வீட்டுக்குள் வரும் பழக்கம் உள்ளவள். தொட்டிலுக்குக் கீழே வந்து படுத்துக்கொள்வாள். செவலை ஒரு நாளும் வாசற்படி தாண்டியதில்லை. ஆனி மாதம், கம்பம் கணவாய் வழியாக மேல்காற்று சாரலையும் புழுதியையும் சேர்த்து அடிக்கிற நாட்களில், எட்டு மாதக் குழந்தைக்கு முதல்முறை இளைப்பு வந்தது. விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. ஆஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை பிடிக்க வைத்தார்கள். அவள் கத்தக் கத்த நான் அவள் கைகளை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த மாதம் மூன்று முறை போனோம். மூன்றாவது முறை டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார்.

"வீட்டுல நாய், பூனை ஏதாவது இருக்காம்மா?"

"ரெண்டு நாய் இருக்கு டாக்டர்."

"முடி ஒரு காரணமா இருக்கலாம். பாத்துக்கங்க."

அவ்வளவுதான் சொன்னார். இருக்கலாம் என்றுதான் சொன்னார். வீட்டுக்கு வருகிற வழியிலேயே நான் முடிவு செய்துவிட்டேன்.

என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இதை எழுதும்போது யாராவது ஒருவர் கட்டாயப்படுத்தியிருக்கக் கூடாதா என்று இருக்கிறது. என் கணவர், "ரெண்டையும் பின்னாடி கட்டிப் போடலாம். உள்ள விட வேண்டாம், அம்புட்டுத்தானே. எதுக்கும் ஒங்கப்பாட்ட ஒரு வார்த்தை கேளு" என்றார். மாமியார், "ஒங்க வீட்டுச் சீரு. நீ பாத்துச் செய்யி" என்றார். அது அனுப்பச் சொன்னதா, வைத்துக்கொள்ளச் சொன்னதா என்று மூன்று நாள் யோசித்தேன். திரும்பக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்கவில்லை.

செவலையை அனுப்ப எனக்கு உரிமை இல்லை. அது அவர்கள் வீட்டு நாய். கன்னி என்னுடையவள். என்னுடையதை விட்டுக்கொடுத்தால் நல்ல தாய் என்று எனக்கே நம்பிக்கை வரும் என்று தோன்றியது. இப்படி வார்த்தையாக அப்போது யோசிக்கவில்லை. ஆனால் அதுதான் உண்மை.

மறுநாள் கரட்டில் ஆடு மேய்க்கும் அக்காவிடம் கேட்டேன். "அக்கா, இவளை நீங்க வச்சுக்கிறீகளா?"

அவள் சிரித்துவிட்டாள். "வேட்டை நாயை ஆட்டுக்குள்ள விடச் சொல்லுறியா? நல்லா இருக்கே நியாயம். ஏன், என்னாச்சு?"

சொன்னேன்.

"அதுக்கென்ன, பெறந்த வீட்டுல கொண்டு போயி விட்டுட்டு வா. ஒரு பஸ்ஸு. பிள்ளை பெருசானா கூட்டியாந்துக்க."

"சீரா வந்தது அக்கா. திருப்பிக் கொண்டுபோனா என்ன நினைப்பாக?"

"நாயி என்ன நினைக்கும்னு பாரு தாயி. மனுசங்க எப்பயும் எதையாச்சும் நினைச்சுக்கிட்டுத்தான் கெடப்பாக."

அவள் சொன்னது சரி என்று அங்கேயே தெரிந்தது. ஆனால் எனக்குப் பழைய சம்பவம் ஒன்று மனதில் இருந்தது. எங்கள் சொந்தத்தில் ஒரு அக்காவுக்குச் சீராகக் கொடுத்த பசுமாட்டை, தீவனத்துக்கு வழியில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் திருப்பி ஓட்டிவிட்டார்கள். ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது. ஆனால் அந்த மாடு தெருவுக்குள் வந்த அன்று பெண்கள் பேசியதை நான் பத்து வயதில் காதால் கேட்டிருக்கிறேன். "இன்னைக்கு மாடு. நாளைக்குப் பொண்ணு." அந்த அக்கா அடுத்த மூன்று வருடம் எந்த விசேஷத்துக்கும் வரவில்லை. கன்னியை நான் பஸ்ஸில் ஏற்றி, சுருளிப்பட்டித் தெருவுக்குள் சங்கிலியோடு நடத்திக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். அப்பா தலை குனிவார் என்று எனக்குள் முடிவாகிவிட்டது. அப்பாவைக் கேட்காமலே.

என் கணவருக்குத் தேனியில் மோட்டார் சாமான் கடை. அங்கே வருகிற ஒருவருக்குப் போடிமெட்டுக்கு அப்பால் ஏலத்தோட்டம். நாய் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். நான்தான் அவரிடம் கேட்கச் சொன்னேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஜீப் வந்து எங்கள் வாசலில் நின்றது.

கன்னி ஏறவில்லை. தோட்டக்காரர் இழுத்தார், என் கணவர் தூக்கப் பார்த்தார். காலை ஊன்றிக்கொண்டாள். கடிக்கவோ உறுமவோ இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது நான் செய்ததை இன்னும் என்னால் நேராக நினைக்க முடிவதில்லை. சங்கிலியைக் கையில் எடுத்தேன். நடைக்குக் கிளம்பும்போது எடுப்பதைப் போலவே எடுத்தேன். ஜீப்பின் பின்பக்கம் நான் முதலில் ஏறி உட்கார்ந்தேன். ஒரே தாவலில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், தோளை என் முழங்காலில் சாய்த்துக்கொண்டு. சங்கிலியைக் கம்பியில் மாட்டிவிட்டு நான் இறங்கினேன். கதவைச் சாத்தினார்கள். கண்ணாடி வழியாக அவள் முகம் தெரிந்தது. என்னைப் பிரிகிற முகம் அல்ல அது. நானும் சுற்றி வந்து ஏறிக்கொள்வேன் என்று இடம் விட்டு உட்கார்ந்திருந்த முகம்.

ஐந்தாம் நாள் தோட்டக்காரர் போன் செய்தார். "மூணு நாளாச் சாப்பிடவே இல்லம்மா. சங்கிலி குளிர்ல கழுத்தை அறுக்குதேன்னு கயிறு மாத்திக் கட்டினோம். கடிச்சிட்டுப் போயிருச்சு. பக்கத்துலதான் இருக்கும், பாக்குறோம்." அந்த ஞாயிறு என் கணவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். டீக்கடையில் கேட்டாராம், செக்போஸ்ட்டில் கேட்டாராம். யாரும் பார்க்கவில்லை.

நான் செவலையைக் கூட்டிக்கொண்டு தினமும் கண்மாய்க்குப் போனேன். வந்துவிடுவாள், வந்தால் இந்த வழியாகத்தான் வருவாள் என்று. ஆடு மேய்க்கும் அக்காவிடம் சொல்லி வைத்தேன். செவலை கலுங்கில் நின்று பின்னால் திரும்பிப் பார்க்கும். பிறகு பேசாமல் நடக்கும். மகளுக்கு இளைப்பு நிற்கவில்லை. ஆவணியில் இரண்டு முறை வந்தது. வேறொரு டாக்டரிடம் போனோம். அவர் இலவம்பஞ்சு மெத்தையா என்று கேட்டார். ஆமாம், அதுவும் என் பிறந்த வீட்டுச் சீர்தான். மாற்றினோம். கொஞ்சம் குறைந்தது போல இருந்தது, பிறகு மழை தொடங்கியதும் மறுபடி வந்தது. வளர வளரச் சரியாகிவிடும் என்கிறார்கள். நாய் முடிதான் காரணமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அப்பாவிடம் சொல்லவில்லை. வாரம் ஒருமுறை போனில் கேட்பார். "நல்லா இருக்காப்பா" என்பேன். ஒருமுறை வீடியோவில் காட்டச் சொன்னார். "பின்னாடி தூங்குறாப்பா" என்றேன். புரட்டாசியில் அவருடைய தாய்நாய் செத்துப்போனது. கன்னியின் அம்மா. போனில் சொல்லும்போது அவர் குரல் மாறியிருந்தது. "போயிட்டாத்தா. வாசல்லயே படுத்திருந்தா. சரி, நம்ம கன்னி இருக்கால்ல" என்றார். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். இத்தனை துக்கத்தில் இதையும் எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். எனக்கு எப்போதும் ஒரு நல்ல காரணம் கிடைத்துவிடுகிறது. மாமியார் மட்டும் ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, "ஒங்கப்பாட்டச் சொல்லிரு. தள்ளிப் போடப் போட பாரம்தான்" என்றார். இந்த முறை சந்தேகத்துக்கு இடமில்லாமல்தான் சொன்னார்.

ஐப்பசியில் ஒரு காலை, மகளுக்கு ஒரு வயது நிறையப் பத்து நாள் இருக்கும்போது, சொல்லாமல் கொள்ளாமல் அப்பா வந்து நின்றார். கையில் ஒரு பெட்டி பன்னீர் திராட்சை. பேத்தியை வாங்கி முத்தம் கொடுத்துவிட்டு, "எங்க என் இன்னொரு பேத்தி?" என்றார்.

"கண்மாய்ப் பக்கம் அவுத்து விட்டிருக்கேன்ப்பா. வந்துருவா."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அடுப்படியில் மாமியார் கரண்டியை வைக்கிற சத்தம் கேட்டது. அவர் வெளியே வரவில்லை.

"அவுத்து விடுறியா? பரவாயில்லையே. நீ பயந்தாங்கொள்ளி, கட்டியேதான் வச்சிருப்பேன்னு நினைச்சேன்" என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "வா, போயிப் பாப்போம்" என்று ஆணியிலிருந்து சங்கிலியை எடுத்துக்கொண்டார். ஏலத்தோட்டக்காரர் திருப்பிக் கொடுத்தனுப்பிய சங்கிலிதான் அது.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். செவலை கூடவே வந்தது. கண்மாய் நிறைந்து கலுங்கில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அப்பா கரையில் நின்று விசிலடித்தார். நாக்கை மடித்து அடிக்கிற நீண்ட விசில், தோட்டத்தில் நாய்களைக் கூப்பிடுவது. செவலை காதை நிமிர்த்தி நாலு பக்கமும் பார்த்தது. அவர் மறுபடி அடித்தார்.

"கூடலூர்ல ஒரு கடுவன் பாத்து வச்சிருக்கேன்த்தா. நல்ல நெஞ்சு. ரெண்டு பருவம் தள்ளிப் போச்சு, பிள்ளை பொறந்ததுல நானும் கேக்கல. இந்தத் தையில சேத்துட்டா சித்திரைக்குள்ள குட்டி ஆயிரும். எனக்கு ஒரே ஒரு பெட்டை போதும். வாசல் வெறிச்சுன்னு கெடக்கு." நடந்துகொண்டே சொல்லிக்கொண்டு போனார். நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே இப்போது சொல்கிறேன், அடுத்த பனைமரத்தில் சொல்கிறேன் என்று நடந்தேன். கரட்டுக்கு இறங்கிவிட்டோம்.

"என்ன தாயி, இன்னைக்குப் புது ஆளா?" ஆடு மேய்க்கும் அக்கா பாறைமேல் உட்கார்ந்திருந்தாள். "ஒங்கப்பாவா? கேக்கவே வேணாம், மூக்கே சொல்லுதே." அப்பா சிரித்துக் கும்பிட்டார். அவள் அவர் கையிலிருந்த சங்கிலியைப் பார்த்தாள். "கன்னி கெடைச்சுட்டாளா? நானும் போடிப் பக்கம் ஆடு ஓட்டிப் போறவுகட்டயெல்லாம் சொல்லித்தான் வச்சிருக்கேன். அந்த மலையில குளிருல எங்க கெடந்து சீரழியுதோன்னு நெதம் நினைப்பேன்."

அப்பா என் பக்கம் திரும்பவில்லை. ஆவாரம்பூக்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். அக்காவுக்கு என்னவோ புரிந்து, "ஏய், இங்கிட்டு வா" என்று இல்லாத ஆட்டைக் கூப்பிட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

"எப்ப?" என்றார் அப்பா.

"ஆனியிலப்பா. பிள்ளைக்கு இளைப்பு. டாக்டர் சொன்னாரு..."

"யாருட்டக் குடுத்த?"

சொன்னேன். ஜீப்பில் நான் ஏறி இறங்கியதை மட்டும் சொல்லவில்லை.

"எங்கிட்டக் கொண்டாந்து விட்டிருக்கலாம்லத்தா."

"சீரைத் திருப்பிட்டாகன்னு ஊரு பேசும்னு... ஒங்களுக்குத் தலைகுனிவா இருக்கும்னு..."

"என்னையக் கேட்டியா?"

நான் அழுதேன். குழந்தை என் அழுகையைப் பார்த்துத் தானும் அழுதது. அப்பா அவளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு தட்டினார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லி என் பக்கத்து நியாயத்தை எடுத்து வைத்திருப்பேன். அந்த வாய்ப்பை அவர் கொடுக்கவில்லை.

மறுநாள் காலை என் கணவரின் பைக்கை எடுத்துக்கொண்டு போடிமெட்டுக்குக் கிளம்பினார். நானும் வருகிறேன் என்றேன். குழந்தையை மாமியார் பார்த்துக்கொண்டார். தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் அப்பா முதலாளியைத் தேடவில்லை. வேலையாட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு நேராகப் போனார். நாங்கள் அங்கே யாரும் கேட்டதே இல்லை. ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா உடனே சொன்னாள்.

"கருப்பு நாயா, மெலிஞ்சதா? ரெண்டு நாளு எங்க வாசல்லதான் கெடந்துச்சு. சோறு வச்சேன், மோந்து பாத்துட்டு விட்டுருச்சு. கருவாட்டுத் தலை போட்டேன், அதைத் தின்னுச்சு. மூணாம் நாளு ரோட்டோட கீழ பாத்துப் போச்சுய்யா. கூப்பிட்டேன், திரும்பியே பாக்கல."

"கீழன்னா, போடிப் பக்கமா?"

"ஆமா."

திரும்பும் வழியில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அப்பா பைக்கை நிறுத்தி விசிலடித்தார். நான்கு மாதம் கழித்து விசிலடிப்பதால் ஒன்றும் இல்லை என்று அவருக்கும் தெரியும். கீழே சமவெளி முழுக்க மேகத்தின் நிழல் நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு வளைவில் இஞ்சினை அணைத்துவிட்டு நின்றார்.

"எறங்கி இருக்கா. எறங்கினவ எங்கிட்டுத் திரும்பியிருப்பா? சுருளிப்பட்டிக்கா, தேனிக்கா?"

நான் கீழே வளைந்து இறங்கும் சாலையைப் பார்த்தேன்.

"மூணு மாசத்துக் குட்டியாக் குடுத்தது. அதுக்கு ஒன் வீடுதான் வீடு" என்று அவரே சொல்லிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அப்பா நாயைப் பற்றிப் பேசவே இல்லை. போன் செய்தால் குழந்தைக்கு மூச்சு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்பார். நானாக எடுத்தாலும், "விடுத்தா, பிள்ளையைப் பாரு" என்று முடித்துவிடுவார். அது மன்னிப்பா, இல்லை இனி பேச ஒன்றும் இல்லை என்பதா என்று நான் அவர் குரலை வைத்து எடை போட்டுக்கொண்டே இருந்தேன்.

உத்தமபாளையத்தில் அப்பாவின் அக்கா இருக்கிறார். அவரிடம் இருக்கும் நாய் செத்துப்போன எங்கள் தாய்நாயோடு ஒரே ஈத்தில் பிறந்தது. அவர் கொடுத்தால் அப்பாவின் வாசலில் அதே ரத்தத்தில் ஒரு பெட்டை இருக்கும். அப்பா ஏன் இன்னும் கேட்கவில்லை என்று மாசி மாதம்தான் எனக்கு உறைத்தது. கேட்டால், உன் மகளுக்குக் கொடுத்தது என்ன ஆயிற்று என்ற கேள்வி வரும். பதில் சொன்னால் என் தப்பைத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

இரண்டு நாள் நம்பரை எடுத்து எடுத்து வைத்தேன். மூன்றாம் நாள், செவலையோடு கண்மாய்க்குப் போனபோது மடையில் உட்கார்ந்து போன் செய்தேன்.

"அத்தை, எனக்குச் சீராக் குடுத்த கன்னி இல்லை. பிள்ளைக்கு ஆகலைன்னு நான் வேற ஆளுக்குக் குடுத்தேன். அங்கன இருந்து தொலைஞ்சு போச்சு. அப்பாட்டக் கேக்காம நாந்தான் குடுத்தேன். அப்பாவுக்கு ஒரு பெட்டைக் குட்டி வேணும்."



"அப்பிடியா சேதி. அதான் ஒங்கப்பன் கார்த்திகையில வந்து ஒக்காந்துட்டுப் போனானா."

"எதுக்கு வந்தாரு?"

"சொன்னாத்தானே. அப்பத்தான் இது குட்டி போட்டு ஒரு மாசம். நாலு கடுவன், ஒரே ஒரு பெட்டை. அந்தப் பெட்டையத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் ஒக்காந்திருந்தான். குடுத்த காப்பி அப்பிடியே ஆறிப் போச்சு. 'வேணுமாடா, எடுத்துட்டுப் போ'ன்னேன். 'இல்லக்கா, எனக்கு என் மக வீட்டுல இருந்து வரும்'னுட்டு எறக்கி விட்டுட்டுப் போயிட்டான்."

"இப்ப அந்தக் குட்டி?"

"அதைக் கம்பத்துல ஒரு கல்யாணத்துக்குக் குடுத்தாச்சுடி. பொங்கலோட போச்சு."

அடுத்த ஈத்து என்று ஒன்று இருந்தால் அப்பாவுக்குத்தான் என்று அத்தை சொன்னார். நாய்க்கு ஒன்பது வயதாகிறது என்றும் சொன்னார். சரி அத்தை என்றேன்.